பெஹாலாவின் நீரும் மாநகரத்தின் திட்டமும்: இயற்கைப் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தைப் புதுப்பித்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

விஷயத்தின் எல்லை

ஒரு நகரம் தன்னைத் தாக்கக்கூடிய புயலையும் வெள்ளத்தையும் பூகம்பத்தையும் வெப்பத்தையும் முன்கூட்டி ஆலோசித்து, அவற்றால் விளையும் உயிர்ச்சேதத்தையும் பொருட்சேதத்தையும் குறைப்பதற்காக எழுதி வைத்துக்கொள்ளும் திட்டம், எழுதி முடித்த தினத்திலிருந்தே முதுமை அடையத் தொடங்குகிறது. திட்டத்தில் வயலென்று குறிக்கப்பட்ட இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிடுகின்றன, குளமென்று குறிக்கப்பட்டது மனையாகிவிடுகிறது, ஜனத்தொகை பெருகுகிறது, மழையும் பழைய கணக்குக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஆகவே இத்தகைய திட்டத்தை இயற்றுவது எப்படி என்ற கேள்வியைக் காட்டிலும், இயற்றியதை எந்த அளவுகோலைக் கொண்டு, யாருடைய பொறுப்பில், எத்தனை காலத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்ற கேள்வியே அதிக முக்கியத்துவம் வாய்ந்தது. இதைப் பொதுப்படையாகப் பேசினால் உபதேசத்தில் முடிந்துவிடும் என்பதால், கொல்கத்தாவின் தென்மேற்கில் டயமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் பெஹாலா என்னும் பிரதேசத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு பரிசீலிப்போம்.

பெஹாலாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதைச் சேர்ந்த பரிஷா கிராமத்தில் வாழ்ந்த ஸாவர்ண ராய் சௌதுரி ஜமீன்தார்களிடமிருந்துதான், 1698 நவம்பரில், சுதானுடி, கலிகாதா, கோவிந்தபூர் என்ற மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது. அந்த மூன்று கிராமங்கள் ராஜதானியாக வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் கிளார்க் என்ற எஞ்சினீயரின் யோசனைப்படி செங்கல்லால் ஆன பாதாளச் சாக்கடைகளைப் பெற்றன. பெஹாலாவோ அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, தென் புறநகர் நகராட்சியின் கீழ், திறந்த சாக்கடைகளையும் குளங்களையும் நம்பியே வாழ்ந்து, 1984-இல்தான் கொல்கத்தா மாநகராட்சியுடன் இணைந்தது. ஒரு பழைய நகரத்தின் திட்டத்துக்குள் பின்னால் வந்து சேர்ந்த புறநகரின் நிலைமை என்ன என்பதை அறிய இதைவிடத் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

நிலத்தின் இயல்பு

கொல்கத்தாவின் தரை கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஹூக்ளி நதி காலங்காலமாகத் தன் கரையில் வண்டலைக் குவித்து வந்தபடியால் நதிக்கரை மேடாகவும், அதிலிருந்து விலக விலக நிலம் தாழ்வாகவும் அமைந்துவிட்டது. நகரத்தின் மத்தியப் பகுதியில் விழும் மழைநீர், பக்கத்திலுள்ள நதியை விட்டுக் கிழக்கே திரும்பி, 2002-இல் ராம்ஸார் என்னும் சர்வதேசச் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்ற, சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குச் சதுப்பு நிலங்களை நோக்கிச் செல்கிறது. பெஹாலாவின் நீர்ப்போக்கு இதனின்றும் வேறுபட்டது. அதன் பெரும்பகுதி சரியால் கால்வாய் வழியாகவும், பேகோர், மணிகாலி என்னும் கால்வாய்களின் வழியாகவும் மஹேஷ்தலா நகராட்சியின் எல்லைக்குள் புகுந்து ஹூக்ளியை அடைகிறது. கிழக்கு ஓரத்து நீர் கேவ்ராபுகூர் கால்வாயை நாடுகிறது.

ஹூக்ளி கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட நதி என்பது இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒரு நாளில் இருமுறை கடல்நீர் நதியில் ஏறுகிறது. அவ்வேளையில் கால்வாய் முகத்துவாரத்து மதகைத் திறந்து வைத்தால் நதிநீர் ஊருக்குள் வந்துவிடும். மூடி வைத்தால் ஊரின் மழைநீர் வெளியே போகாது. நள்ளிரவில் பெருமழை தொடங்கி, அதே சமயத்தில் நதியில் ஏற்றமும் நிகழுமானால், மதகு மூடிய சில மணி நேரத்துக்குப் பெஹாலா ஒரு மூடிய பாத்திரமாகிவிடுகிறது. அந்நேரத்தில் நீரேற்று நிலையத்துப் பம்புகள் எவ்வளவு இறைக்கின்றனவோ அவ்வளவே வெளியேற்றம். அந்தப் பம்புகளின் முன்னால் உள்ள இரும்புக் கம்பிச் சட்டங்களிலோ பாலிதீன் பைகளும் வெங்காயத் தாமரையும் வந்து அடைத்துக்கொள்கின்றன. பெஹாலாவைச் சேர்ந்த பர்ணஸ்ரீயிலும் சர்சுனாவிலும் தாகூர்புகூர்ச் சந்துகளிலும் முழங்கால் அளவு நீர் நிற்பதற்கு மழையின் மிகுதி ஒன்றே காரணமன்று. மழை பெய்த நேரமும் அதற்குச் சமமான காரணமாகும்.

இத்துடன் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. சாலைகள் பழுதாகும் போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரைப் பரப்புவதனால், ஒரு காலத்தில் தெருவைவிட இரண்டு படி உயரத்தில் இருந்த வாசல்கள் இன்று தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டன. வீட்டு வாசலில் செங்கல் வைத்து ஒரு சாண் சுவர் எழுப்பி, அதைத் தாண்டி உள்ளே போகும் பழைய வீடுகளைப் பெஹாலாவின் உட்தெருக்களில் காணலாம். புதிதாகக் கட்டுகிறவர் மண்ணடித்து உயர்த்திக் கட்டுகிறார். அடுத்த வீட்டார் அவருடைய நீரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். இவ்விதம் ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி அயலாரின் அபாயத்தை அதிகப்படுத்துகிறது. வெள்ளம் தனி மனிதருடைய விவேகத்தால் தீர்க்க முடியாத, பொதுத் திட்டத்தால் மட்டுமே தீர்க்கக்கூடிய பிரச்சினை என்பதற்கு இதுவே சாட்சி.

சரித்திரம் கற்பித்த பாடம்

பேரிடர் வந்தபின் ஏற்பாடுகளைத் திருத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு இந்தியாவில் கல்கத்தாவே முன்னோடி என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். 1864 அக்டோபர் 5-ஆம் தேதி வீசிய புயலில் ஹூக்ளியில் ஏறிய கடலலை, நதிக்கரைக் கிராமங்களை மூழ்கடித்துச் சுமார் அறுபதினாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் மிகப் பெரும்பாலானவை சேதமுற்றன. அதன் விளைவாக, மறு வருஷமே, துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை அளிக்கும் ஏற்பாடு கல்கத்தாவில் உண்டாயிற்று. 1875-இல் இந்திய வானிலைத் துறை இந்நகரிலேயே தோன்றியது.

அறிவுரை கேட்கப்படாமற்போனதற்கும் இப்பிரதேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. கல்கத்தா துறைமுகத்துக்கு மாற்றாக மாத்லா நதிக்கரையில் கானிங் என்ற புதுத் துறைமுகம் கட்ட யோசனை எழுந்தபோது, புயல்களை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஹென்றி பிட்டிங்டன், 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி பிரபுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அவ்விடம் கடலலைக்கு இரையாகும் என்று எச்சரித்தார். துறைமுகம் கட்டப்பட்டது, பிட்டிங்டன் 1858-இல் காலமானார், 1867 நவம்பரில் வந்த புயல் அவர் சொன்னதை மெய்ப்பித்து, புதிய துறைமுகத்தைப் பாழாக்கிவிட்டது. ஆபத்தைப் பற்றிய ஞானம் இருந்தும், அந்த ஞானம் திட்டத்துக்குள் புகாததனால் நேர்ந்த நஷ்டம் அது.

நம் காலத்துக்கு வருவோம். 2020 மே 20-ஆம் தேதி ஸுந்தரவனத்தின் வழியே கரையேறிய அம்பன் புயல், மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் கொல்கத்தாவைக் கடந்து, ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரங்கள் மின்கம்பிகளையும் கூடவே இழுத்துச் சென்றபடியால் பல வட்டாரங்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. மின்சாரமின்மையால் குடிநீர் ஏற்ற முடியவில்லை. தொற்றுநோய்க் காலத்து ஊரடங்கினால் வேலையாட்களும் கிடைக்கவில்லை. பொறுமை இழந்த ஜனங்கள் தெருவுக்கு வந்து மறியல் செய்தார்கள். மரங்களை அறுத்து வழி ஏற்படுத்த ராணுவத்தையே அழைக்க நேர்ந்தது. புயல் வரும் என்ற முன்னறிவிப்பில் குறை ஒன்றுமில்லை. புயல் போனபின் மரத்தை யார் அறுப்பது, கம்பியை யார் தொடுவது, எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு பிறகு என்ற வரிசையில்தான் குறை இருந்தது.

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை வரை, துர்க்கா பூஜைக்குச் சில தினங்களே இருக்கையில், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 251 மில்லிமீட்டர் மழை நகரில் பெய்தது. ஒரு வருஷ மழையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஒரே இரவில் விழுந்துவிட்டதென்று இதைக் கொள்ளலாம். ஏறக்குறையப் பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி மடிந்தவர்கள் அல்லர், தேங்கிய நீரில் பாய்ந்திருந்த மின்சாரம் தாக்கி மடிந்தவர்கள். இந்த ஓர் உண்மை, நகரத்தின் வெள்ளத் திட்டத்தில் மின்சாரத்துக்கு எந்த இடம் தரப்பட வேண்டும் என்பதை வேறெந்த வாதமும் வேண்டாமல் ஸ்தாபித்துவிடுகிறது.

சட்டமும் நிர்வாகமும்

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசம், மாநிலம், மாவட்டம் என்ற மூன்று படிகளில் திட்டங்களை வகுத்ததோடு, மாவட்டத் திட்டம் ஆண்டுதோறும் பரிசீலிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட வேண்டுமென்றும் விதித்தது. ஆனால் மாவட்டம் என்பது கிராமங்களை மனத்திற்கொண்டு அமைந்த நிர்வாகப் பிரிவாகையால், மாநகரங்களின் விசேஷ அபாயங்கள் அதில் அடங்கவில்லை. இக்குறையை உணர்ந்து 2025-இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் நகரப் பேரிடர் மேலாண்மை அதிகார சபைகளை அமைக்க மாநில சர்க்கார்களுக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர். மாவட்ட ஆட்சியர் துணைத் தலைவர். சர்வதேச அளவிலோ, 2015 மார்ச்சில் ஜப்பானின் ஸெண்டாய் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட, 2030 வரைக்குமான உடன்பாடு, உள்ளூர் அளவிலான தணிப்புத் திட்டங்களைத் தன் ஏழு இலக்குகளுள் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

பணமும் அடியோடு இல்லையென்று சொல்வதற்கில்லை. 2000-இல் ஆசிய வளர்ச்சி வங்கி அனுமதித்த கடனுதவியைக் கொண்டு நடந்த சுற்றுச்சூழல் மேம்பாட்டுப் பணிகளும், அவற்றின் தொடர்ச்சியாக வந்தவையும் பெஹாலாவுக்குப் பாதாளச் சாக்கடைகளையும் நீரேற்று நிலையங்களையும் தந்தன. அதே வங்கியின் உதவியால் கால்வாய்களிலும் பம்பு நிலையங்களிலும் நீர்மட்டத்தை உடனுக்குடன் அறிவிக்கும் உணர்கருவிகளுடன் கூடிய வெள்ள முன்னறிவிப்பு ஏற்பாடும் நகருக்குக் கிடைத்தது. பதினைந்தாவது நிதிக்குழுவின் சிபாரிசையொட்டி, நகர வெள்ளத் தணிப்புக்காகச் சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்றுக்கும் தலா 500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

சட்டம் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஓரளவு பணமும் இருக்கிறது. பொறுப்போ சிதறிக் கிடக்கிறது. தெருச் சாக்கடையும் பம்பும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. பெரிய கால்வாய்கள் மாநிலத்தின் பாசன, நீர்வழித் துறையைச் சேர்ந்தவை. கால்வாய் சென்று முடியும் இடம் மற்றொரு நகராட்சியின் எல்லை. மின்கம்பி ஒரு கம்பெனிக்குச் சொந்தம். டயமண்ட் ஹார்பர் சாலையின்மீது செல்லும் மெட்ரோவின் தூண்கள் ரயில்வேயினுடையவை. மேலிருந்து கீழே பாயும் நீர் இவற்றில் எந்த எல்லையையும் அறியாது.

பிற நகரங்களின் அனுபவம்

மும்பையில் மழைநீர் வடிகால்களின் கொள்ளளவை மணிக்கு 25 மில்லிமீட்டரிலிருந்து 50 மில்லிமீட்டருக்கு உயர்த்த வேண்டுமென்று 1993-இலேயே ஒரு விரிவான அறிக்கை தயாராகி, பல வருஷங்கள் அலமாரியில் கிடந்தது. 2005 ஜூலை 26-ஆம் தேதி ஸாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட பிறகுதான் அவ்வறிக்கை தூசி தட்டி எடுக்கப்பட்டது. திட்டம் தீட்டியும் நிறைவேற்றாததன் பலன் அது.

ஒடிஸாவின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1999 அக்டோபரில் வந்த பெரும் புயலில் சுமார் பதினாயிரம் உயிர்களைப் பறிகொடுத்த அம்மாநிலம், பேரிடர்த் தணிப்புக்கெனத் தனி ஸ்தாபனம் ஒன்றை உண்டாக்கி, கடற்கரையெங்கும் புகலிடங்களைக் கட்டி, வருஷந்தோறும் ஒத்திகை நடத்தி வந்தது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழப் பத்து லட்சம் ஜனங்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. பதினான்கு வருஷ விடாமுயற்சியால் ஓர் அரசாங்கம் இவ்வளவு சாதிக்க முடியும் என்பதைக் கண்டபிறகு, பேரிடர் தெய்வச் செயலென்று கைகட்டி நிற்பதற்கு எவருக்கும் நியாயமில்லை.

தமிழ் வாசகருக்குச் சென்னையின் கதை நன்கு தெரிந்ததே. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னும் ஆண்டுதோறும் நீர் தேங்கியதால், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் 2021-இல் ஆலோசனைக் குழு அமைந்து, 2023-இல் தன் அறிக்கையை அளித்தது. அவ்வருஷ டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மறுபடி மூழ்கடித்தது. எனினும் சென்னை செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. அங்கே புதிய மழைநீர் வடிகால் பணிகள் கொசஸ்தலையாற்று வடிநிலம், கோவளம் வடிநிலம் என்று நீர்ப்போக்கின் பெயராலேயே வகுக்கப்பட்டிருக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட நகர வெள்ள வழிகாட்டு நெறிகளும் வடிநிலத்தையே அடிப்படையாகக் கொள்ளும்படி கூறுகின்றன. வட்டமும் வார்டும் தேர்தலுக்கு உதவும், வெள்ளத்துக்கு உதவா.

புதுப்பிக்க வேண்டுவன

மேற்கண்ட பரிசீலனையிலிருந்து, பெஹாலாவைப் பொறுத்தவரை கொல்கத்தாவின் திட்டம் எவ்வழியில் திருத்தம் பெற வேண்டும் என்பது தெளிவாகிறது.

முதலாவதாக, திட்டத்தின் அலகாக வடிநிலங்களை வைத்தல் வேண்டும். சரியால், மணிகாலி, கேவ்ராபுகூர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டமும், மாநகராட்சி, மஹேஷ்தலா நகராட்சி, பாசனத் துறை ஆகிய எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே பொறுப்பாளரும் இருக்க வேண்டும். இரண்டாவதாக, மழை முன்னறிவிப்பையும் நதியின் ஏற்றவற்ற அட்டவணையையும் ஒன்றாக வைத்துப் படித்து, மதகு எத்தனை மணிக்கு மூடப்படும், எத்தனை மணிக்குத் திறக்கப்படும் என்பதை முன்கூட்டியே ஜனங்களுக்கு வங்காளியிலும் ஹிந்தியிலும் தெரிவிக்க வேண்டும். ஏற்றவற்றம் வருஷம் முழுவதற்கும் முன்பே கணிக்கப்பட்ட ஒன்றாகையால், இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. டயமண்ட் ஹார்பரில் கடல்மட்டம், நிலம் தாழ்வதும் சேர்ந்து, ஆண்டுக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வந்ததாகப் பதிவாகியிருப்பதால், வருங்காலத்தில் மதகு மூடியிருக்கும் நேரம் நீளுமென்று எதிர்பார்த்தே பம்புகளின் சக்தியை நிர்ணயிக்க வேண்டும்.

மூன்றாவதாக, குளங்கள். பழைய பெஹாலா தன் மழைநீரைக் குளங்களில்தான் தேக்கி வைத்துக்கொண்டது. கட்டா என்னும் வங்காள நில அளவையில் ஐந்தும் அதற்கு மேலும் பரப்புள்ள நீர்நிலையைத் தூர்ப்பதை மேற்கு வங்காளத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. தடுத்தும் குப்பையும் இடிபாடும் கொட்டிச் சிறிது சிறிதாகத் தூர்க்கும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 மார்ச்சில் பெஹாலாவுக்கு அடுத்துள்ள கார்டன் ரீச்சில், அனுமதியின்றிக் கட்டப்பட்டு வந்த ஐந்து மாடிக் கட்டடம் இடிந்து பத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட துயரம், சட்டத்தை மீறி எழும்பும் கட்டடம் எவ்வளவு பெரிய அபாயம் என்பதைக் காட்டிற்று. மிருதுவான வண்டல் மண்ணின்மேல் நிற்பதும், 1897-ஆம் வருஷத்து அஸ்ஸாம் பூகம்பத்தில் சேதம் கண்டதுமான இந்நகரில், தூர்த்த குளத்தின்மேல் எழுந்த கட்டடங்களைக் கணக்கெடுப்பது வெள்ளம், பூகம்பம் என்ற இரு அபாயங்களுக்கும் ஒருசேரப் பரிகாரமாகும்.

நான்காவதாக, மின்சாரம். தெருவிளக்குக் கம்பங்களும் மின்பெட்டிகளும் வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்தப்பட வேண்டும். நீர் குறிப்பிட்ட அளவு ஏறியதும் எந்தத் தெருவின் மின்சாரம் யாருடைய உத்தரவால் நிறுத்தப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு கம்பமும் சோதிக்கப்பட வேண்டும். ஐந்தாவதாக, வெப்பம். அஹமதாபாத் 2013-இல் வகுத்த வெப்பத் தணிப்புத் திட்டத்தைப் போன்ற ஒன்று, ஈரப்பதம் மிகுந்த கொல்கத்தாவின் சுபாவத்துக்கேற்ப இங்கும் சேர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜனங்களின் அனுபவ ஞானம் திட்டத்துக்குள் புகுவதற்கு ஒரு வழி வேண்டும். எந்தச் சந்தில் நீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார், எந்தச் சாக்கடை மூடி காணாமற்போயிற்று என்பதை அந்தந்தப் பாடாவின், அதாவது பேட்டையின், கிளப் இளைஞர்கள் அறிவார்கள். ஆண்டுதோறும் பூஜைப் பந்தலை எழுப்பி, லட்சக்கணக்கான ஜனங்களை ஒழுங்குபடுத்தி அனுப்பும் அந்தக் கிளப்புகளின் அமைப்புத் திறமை, அதிகாரபூர்வமான பேரிடர்த் திட்டத்தில் பயிற்சியோடும் பொறுப்போடும் இடம்பெற வேண்டிய ஒன்று. கடைசி ஜனக்கணக்கு 2011-இல் எடுத்தது என்பதை நினைத்தால், உள்ளூராரின் கணக்கு எவ்வளவு அவசியமென்பது விளங்கும்.

முடிவு

தொலைபேசி எண்களை மாற்றி அச்சிட்டு, அட்டையில் புது வருஷத்தைப் போட்டுவிட்டால் திட்டம் புதுப்பிக்கப்பட்டதாகாது. சென்ற மழையில் திட்டம் எதை எதிர்பார்த்தது, உண்மையில் எது நடந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் எழுத்தில் விடை தந்து, அதைப் பகிரங்கப்படுத்தி, அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தோடு பிணைப்பதே உண்மையான புதுப்பித்தல் ஆகும். இந்தப் பரீட்சைக்கு உட்படாத திட்டம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் ஓர் உயிரையும் காப்பாற்றாது.

இக்கட்டுரையை வாசிக்கும் தமிழர் கொல்கத்தாவில் வசிப்பவராயினும் சென்னையிலோ மதுரையிலோ வசிப்பவராயினும், அவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்தக் கால்வாயைச் சேருகிறது, அந்தக் கால்வாயின் மதகு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, உங்கள் நகரத்தின் பேரிடர்த் திட்டம் கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டது என்பவற்றை உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். விடை வரவில்லையானால் மறுபடியும் கேளுங்கள். அந்த விடைகளைத் தன் குடிகளுக்குச் சொல்ல முடியாத மாநகராட்சியிடம், எத்தனை கோடி ரூபாய் இருந்தாலும், பேரிடர்த் திட்டம் இருப்பதாகக் கொள்ளலாகாது.